பொறியியல் கலந்தாய்வு: பெற்றோர், மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகள் கணிதத்தில் 93, இயற்பியலில் 84, வேதியியலில் 87 பெற்றிருக்கிறாள். சென்ற ஆண்டு இந்த கட்-ஆஃபுக்குக் கிடைக்காத கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் முதலில் வைத்தால், கிடைக்கக்கூடிய இடமும் கைநழுவிப் போகுமா?

போகாது. கணித மதிப்பெண்ணை அப்படியே வைத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால், அவருடைய கட்-ஆஃப் 200-க்கு 178.5. இடங்கள் தரவரிசைப்படியே ஒதுக்கப்படுகின்றன. அவருடைய முறை வரும்போது பட்டியலின் முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று கணினி பார்க்கும்; நிரம்பியிருந்தால் இரண்டாவதற்கும், பிறகு மூன்றாவதற்கும் போகும். எட்டாத கல்லூரியை மேலே எழுதியதற்காகக் கீழே உள்ள வாய்ப்பு குறைவதில்லை. ஆண்டுதோறும் பல குடும்பங்கள் செய்யும் தவறு இதற்கு நேர்மாறானது: பயத்தில் "உறுதியாகக் கிடைக்கும்" கல்லூரியை மேலே வைத்துவிடுகிறார்கள்; அது கிடைத்ததும், அதற்குக் கீழே எழுதிய, மனத்துக்கு அதிகம் பிடித்த இடத்தைக் கணினி திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆகவே பட்டியலின் வரிசை உங்கள் மகளின் உண்மையான விருப்ப வரிசையாகவே இருக்கட்டும். பட்டியல் நீளமாகவும் இருக்கட்டும். பத்துப் பெயர்களோடு நிறுத்திக்கொண்டு, அந்தச் சுற்றில் எந்த இடமும் கிடைக்காமல் கலங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு விவரங்களைப் பார்க்கும்போது மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணையே நம்புங்கள். கணிதத் தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லோருடைய கட்-ஆஃபும் உயரும் என்பதால், சென்ற ஆண்டின் 178.5-உம் இந்த ஆண்டின் 178.5-உம் ஒன்றல்ல. உங்கள் சமூகப் பிரிவுக்கு அந்தப் பாடப்பிரிவு எந்தத் தரவரிசையில் முடிந்தது என்று பாருங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின், குறித்த கெடுவுக்குள் அதை உறுதி செய்தாக வேண்டும். தவறினால் அந்த இடம் போய்விடும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ளவற்றுக்காகக் காத்திருக்கவும் வழி உண்டு. ஆனால் மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் முந்தைய இடம் உங்களுடையது அல்ல. எனவே சேரவே விரும்பாத ஒன்றைப் பட்டியலில் எங்கும் எழுதாதீர்கள்.

என் சமவாய்ப்பு எண் (கணினி குலுக்கல்போலத் தரும் ரேண்டம் எண்) மிகச் சிறியதாக வந்திருக்கிறது. இதனால் பின்தங்கிவிடுவேனா?

கவலை வேண்டாம், தம்பி. கட்-ஆஃப் சமமாக இருக்கும் மாணவர்களுக்கிடையே முதலில் கணித மதிப்பெண்ணும், பிறகு இயற்பியல் மதிப்பெண்ணும் பார்க்கப்படும். அவற்றுக்குப் பின் உள்ள மற்ற அளவுகோல்களிலும் சமநிலை நீங்காவிட்டால் மட்டுமே சமவாய்ப்பு எண் கணக்கில் வரும்.

எங்கள் வீட்டில் யாரும் பட்டம் படித்ததில்லை. கலந்தாய்வு தொடங்குமுன் நிர்வாக ஒதுக்கீட்டில் (கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடங்களில்) இடம் பிடித்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். முதல் பட்டதாரிச் சலுகை அங்கும் கிடைக்கும் என்கிறார். உண்மையா?

உண்மையல்ல. முதல் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை, அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் நான்கு ஆண்டுகளும் அதை இழப்பீர்கள். தயவுசெய்து முன்பணம் கொடுக்காதீர்கள்; அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்த்ததும் அசல்களைத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்து விடுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாமா, ஐயா?

இயலாதம்மா; அது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீடு. ஆயினும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம், 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. கல்லூரியில் சேர்ந்ததும் அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தமிழ்வழியில் படித்த நான் ஆங்கிலத்தில் பொறியியல் படிக்க முடியுமா?

உறுதியாக முடியும். அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் கட்டடப் பொறியியலையும் (சிவில்) இயந்திரப் பொறியியலையும் (மெக்கானிக்கல்) தமிழிலும் கற்பிக்கிறது. ஆனால் நீங்கள் விரும்பும் பாடப்பிரிவு வேறாக இருந்தால், மொழிக்கு அஞ்சி அதை விட்டுவிட வேண்டாம். வகுப்புகள் தொடங்கும்வரை உள்ள வாரங்களில், நீங்கள் படித்த பன்னிரண்டாம் வகுப்புக் கணித, இயற்பியல் நூல்களின் ஆங்கிலப் பதிப்பைத் தரவிறக்கி, தமிழ் நூலை அருகில் வைத்துப் படியுங்கள். பாட வரிசை இரண்டிலும் ஒன்றே என்பதால், தெரிந்த கருத்துக்குத் தெரியாத சொல்லை மட்டுமே கற்கிறீர்கள். அணிகள், வகையீடு, தொகையீடு ஆகிய மூன்றிலிருந்து தொடங்குங்கள். முதலாண்டுக் கணிதத்தில் அவையே மீண்டும் வரும்.