ஸ்காலப்புக்குத் தலை எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காலப் என்ற சிப்பிக்கு இருநூறு கண்கள் வரை உண்டு என்று எழுதியிருந்தீர்கள். தலையே இல்லாத பிராணிக்குக் கண்கள் எங்கே இருக்கும்? சம்பந்தமில்லாமல் இன்னொரு கேள்வி. நான் கதை உள்ள வீடியோ கேம்களை மட்டுமே ஆடுகிறேன். விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ், செத்துச் செத்து ஆடும் டார்க் சோல்ஸ் எல்லாம் நேர விரயமாகவே தெரிகின்றன. என் ரசனையில் கோளாறா?

எம்.

அன்புள்ள எம்.,

கண்கள் ஓட்டின் விளிம்பை ஒட்டிய சதை மடிப்பில் வரிசையாக இருக்கின்றன. நம் கண்ணில் ஒளியைக் குவிப்பது கருவிழியும் லென்ஸும். ஸ்காலப் அந்த வேலையைக் கண்ணின் பின்பக்கத்தில் உள்ள குழிந்த ஆடியிடம் விட்டுவிட்டது. சின்னஞ்சிறு சதுரப் படிகங்கள், தரையில் ஓடு பதித்தது போல இடைவெளியில்லாமல், அடுக்கு அடுக்காக. ஒளி அதில் பட்டுத் திரும்பி விழித்திரையில் குவிகிறது. பெரிய தொலைநோக்கிகளும் இப்படித்தான் ஆடியால் ஒளியைக் குவிக்கின்றன. விழித்திரையும் ஒரு கண்ணுக்கு இரண்டு. நிழல் விழுந்தால் சட்டென ஓடுகளை மூடிக்கொள்ளும். ஆபத்து நெருங்கினால் இரண்டு ஓடுகளையும் படபடவென அடித்து நீந்தித் தப்பிவிடும்.

தலை இல்லாததை விடுங்கள், பல மட்டிகளில் குடல் இதயத்துக்குள் புகுந்து வெளியே போகிறது. சிங்கி இறாலுக்கு வயிற்றுக்குள் பற்கள். அதன் சிறுநீர் முகத்திலிருந்து, உணர்கொம்புகளின் அடியிலிருந்து வரும். இரண்டு சிங்கி இறால்கள் சண்டையிடும்போது ஒன்றின் முகத்தில் மற்றொன்று அதைப் பீய்ச்சுவதும் உண்டு. மரியாதை கெட்ட ஜென்மம் என்று நமக்குத் தோன்றலாம். அவற்றுக்கிடையே அதுதான் பேச்சுவார்த்தை.

சம்பந்தமில்லை என்கிறீர்கள். எனக்கென்னவோ இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. டெட்ரிஸில் கதை எங்கே என்று தேடுவது ஸ்காலப்பில் தலையைத் தேடுவதுதான். அங்கே பார்க்க வேண்டியது வேறு. ஒரு வரி முழுதாக நிரம்பினால் அது மறையும். ஒரு ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒற்றை வரிசையைக் காலியாக விட்டு மற்றதையெல்லாம் அடுக்கிக்கொண்டே வருவீர்கள். நீளக் கட்டை வந்தால் நான்கு வரிகள் ஒரே அடியில் போகும். அது வரவே வராது, அடுக்கு உயர்ந்துகொண்டே இருக்கும். பேராசைக்கும் பயத்துக்கும் நடுவே ஆளை அப்படியே நிறுத்திவைக்கும். கதாபாத்திரம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு கேம் இதைச் செய்கிறது!

டார்க் சோல்ஸில் சாவு தண்டனை மட்டும் இல்லை, அதுதான் பாடம் நடத்துகிறது. எதிரிகளைக் கொன்று சேர்த்த ஆன்மாக்கள் (அங்கே அவைதான் காசு) செத்த இடத்தில் கிடக்கும், திரும்பப் போய் எடுக்கலாம். வழியில் மறுபடி செத்தால் போச்சு. ஆகவே அடுத்த முறை ஒவ்வொரு மூலையையும் பார்த்துத்தான் திரும்புவீர்கள்.

அதற்காக எல்லா வகையும் பிடித்தாக வேண்டும் என்று சட்டமில்லை. தினமும் உள்ளே வரவழைத்துக் காசு பிடுங்கும் கைபேசி கேம்கள் எனக்குச் சுத்தமாக ஆகாது. பந்தய கேம்களில் நான் சுமார்தான், ஆனால் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, வளைவு முடியும்போது வேகமெடுப்பதில் உள்ள சுகம் தெரியும்.

சரி, டார்க் சோல்ஸையே ஆடிப் பாருங்கள், முதல் பாகத்தை. தொடக்கத்தில் ஒரு பெரிய பூதம் மேலிருந்து குதிக்கும். உங்கள் கையில் இருப்பது உடைந்த வாள். வீரம் காட்டாதீர்கள், பக்கத்தில் ஒரு கதவு திறந்திருக்கும், அதற்குள் ஓடிவிடுங்கள். பிறகு ஆயுதத்தோடு வந்து கவனித்துக்கொள்ளலாம்.