தென்னாப்பிரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சிறுவர் குழு இல்லம் எப்படி இயங்குகிறது?

எல்லாம் ஆறு என்ற எண்ணில்தான் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, குடும்பத்துக்கு வெளியே ஆறு பேருக்கு மேல் தங்க வைத்துப் பராமரித்தால் அது பதிவு செய்ய வேண்டிய பராமரிப்பு மையம். ஆறுக்குள் என்றால் வளர்ப்புக் குடும்பமாகவே நடத்தலாம். உடன்பிறப்புகளைப் பிரிக்கக் கூடாதென்றால் எண்ணிக்கை கூடலாம். ஒரு வீடு, ஒரு வளர்ப்புத்தாய், மேற்பார்வைக்கு நிறுவனம் என்ற அமைப்பு இப்படித்தான் வந்தது.

பிள்ளையை நேரே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக முடியாது. சமூகப் பணியாளர் 90 நாளுக்குள் விசாரித்து அறிக்கை தர வேண்டும். சிறார் நீதிமன்றம் ஆணை போடும். சிக்கல் அங்கேதான். அந்த ஆணை பொதுவாக இரண்டு வருடத்தில் காலாவதியாகும். ஒரே பணியாளர் தலையில் நூற்றுக்கணக்கான கோப்புகள் விழுந்தால் புதுப்பிக்கத் தவறும், வளர்ப்புத்தாய்க்கு வரும் மாத உதவித்தொகையும் நின்றுபோகும். எனவே முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே கோப்பைக் கையில் எடுங்கள்.

வீட்டுக்குள் மறக்கக் கூடாதது எடை. எச்ஐவி உள்ள பிள்ளைக்குத் தரும் மருந்தின் அளவு அதன் எடையைப் பொறுத்தது. வளர்ந்த பிள்ளைக்குப் பழைய அளவே போனால் மருந்து போதாமல் வைரஸ் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். மாதாமாதம் எடை பார்த்து, மாத்திரை அட்டையிலேயே குறித்து வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழை முதல் மாதமே தேட ஆரம்பியுங்கள். 18-இல் வெளியேறும்போது (படிப்பு முடியவில்லையென்றால் 21 வரை விண்ணப்பிக்கலாம்) அது இல்லாவிட்டால் அடையாள அட்டையும் கிடைக்காது.

இரண்டு வாரத்துக்கு வந்து கொஞ்சிவிட்டுப் போகும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களா? கூரையைச் சரிசெய்யச் சொல்லுங்கள், போதும்.