புதுச்சேரியிலிருந்து பாரிஸ்: அம்மாவின் பயண நேரம்

வணக்கம் சகோ. ஜனவரியில் அம்மா சென்னையில் அதிகாலை 4 மணிக்கு ஏறி, தோஹா வழியாக அன்றே மதியம் 2 மணிக்குப் பாரிஸில் இறங்குகிறார், அப்படியானால் 10 மணி நேரம்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் பாரிஸ் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கி இருக்கும்; ஆக மொத்தம் பதினாலரை மணி நேரம். சென்னை–தோஹா சுமார் 3,300 கிலோமீட்டர், அங்கிருந்து பாரிஸ் ஏறக்குறைய 5,000. நடுவில் தோஹாவில் காத்திருப்பதும் அந்தப் பதினாலரை மணி நேரத்தில் அடக்கம்.

எனக்குக் கவலை தருவது அதற்கு முந்தைய இரவுதான். நள்ளிரவு 1 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். திண்டிவனம் வழியோ ஈசிஆரோ, புதுச்சேரியிலிருந்து 9 மணிக்குள் காரை எடுத்துவிடுங்கள். அப்புறம், தனியாகப் போகிறவர் என்பதால் வீல்சேர் உதவியை இப்போதே விமான நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். தோஹாவில் அடுத்த விமானத்தின் வாசல்வரை ஊழியரே கூட்டிப்போவார். மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.