எருக்கஞ்செடி முன்னால் உட்காருங்கள்

கேள்வி: என்னிடம் பழைய டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவும் அதோடு வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸும் இருக்கின்றன. பூச்சி, சிலந்தி எல்லாம் எடுக்க ஆசை. இதற்கென்றே உள்ள மேக்ரோ லென்ஸ் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வேறு வழி உண்டா? (வாசகர், தேனி)

பதில்: உண்டு. இருக்கிற லென்ஸைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரிவர்ஸ் ரிங் என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு வளையம் கிடைக்கும், ஒரு பக்கம் கேமராவில் பூட்டும், மறுபக்கம் லென்ஸின் முன்னால் ஃபில்டர் திருகும் மரையில் ஏறும், வாங்கும்போது அந்த மரையின் அளவைப் பார்த்து வாங்கினால் போதும். ஜூமை 55-ல் வைத்தால் தட்டான் தலை பெரிதாகத் தெரியும், 18 பக்கம் திருப்பத் திருப்ப எறும்பின் முகமே பயமுறுத்தும். ஒரு சிக்கல் இருக்கிறது. திருப்பி மாட்டியதும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிடும், அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, கேமராவிலிருந்து மாற்ற முடியாது. அதனால் லென்ஸிலேயே அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய பிலிம் காலத்து 50 எம்எம் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். அப்புறம், உள்ளே பத்திரமாக இருக்க வேண்டிய கண்ணாடி இப்போது வெளியே வந்து நிற்கும். நான் மணலில் குப்புறப் படுத்து எடுத்து, அதை மண்ணாக்கி, வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கதை.

கேள்வி: கண் தெளிவாக விழுந்தால் கால் மங்குகிறது, கால் விழுந்தால் கண் மங்குகிறது. என்ன தப்பு செய்கிறேன்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஒரு தப்பும் இல்லை. இவ்வளவு பக்கத்தில் போனால் தெளிவாக விழும் ஆழமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அப்பர்ச்சர் துளையை எஃப்8, எஃப்11 வரை மூடுங்கள். சரி, எஃப்22 வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று நினைக்காதீர்கள், அவ்வளவு மூடினால் ஒளி சிதறி படம் முழுக்க மழுங்கும். கண்ணைப் பிடியுங்கள், மற்றது மங்கினால் மங்கட்டும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்து, உடம்பையே நூலளவு முன்னும் பின்னும் நகர்த்தி எடுக்க வேண்டும். பத்தில் ஒன்று தேறினால் அன்று நல்ல நாள். மூடிய அப்பர்ச்சருக்கு வெளிச்சம் போதாது, பிளாஷ் வேண்டும். வெறும் பிளாஷ் அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழும், முன்னால் பட்டர் பேப்பரை வளைத்து ஒட்டுங்கள். என் கணக்கில் லென்ஸைவிட இந்தப் பட்டர் பேப்பருக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

கேள்வி: நான் இருப்பது சென்னையில். இதற்கெல்லாம் காட்டுக்குப் போக வேண்டாமா?

பதில்: காலி மனையில் நிற்கும் ஒரு எருக்கஞ்செடி போதும். இலைக்கு அடியில் மஞ்சள் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி அப்பியிருக்கும், அதன் இனிப்புக் கழிவை உறிஞ்ச எறும்பு வரும், அசுவினியையே தின்ன பொறிவண்டின் புழு வரும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுவதும் இதே செடியில்தான், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட அதன் புழு இலையைக் கடித்துக்கொண்டு உங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதைவிடப் பொறுமையான மாடல் கிடைக்காது.

மாமரம் இருந்தால் இலைகளைச் சேர்த்துத் தைத்து முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள். கூட்டை ஆட்டாதீர்கள், கடிக்கும், கடித்த இடத்தில் அமிலத்தையும் பீச்சும். அந்தச் சிவப்பு எறும்புகளைப் போலவே ஒரு சிலந்தி அங்கே திரியும். எட்டுக் காலில் முன்னிரண்டைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு நடக்கும். சந்தேகம் வந்தால் விரலை நீட்டுங்கள், நூல் விட்டுத் தொங்கிவிட்டால் வேஷம் கலைந்தது. எனக்கு அதை அடையாளம் தெரியவே இரண்டு வருஷம் ஆனது.

கேள்வி: பிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் பூச்சி அசையாது என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். செத்தும் போகலாம், பிழைத்தாலும் அது நிற்கும் விதமே தப்பாக இருக்கும், பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அசையாத பூச்சி வேண்டுமென்றால் விடியற்காலையில் போங்கள், உடம்பு சூடேறும் வரை தட்டான்கூட பனித்துளியோடு அப்படியே உட்கார்ந்திருக்கும். நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் இன்னும் வசதி. இருட்டும் நேரத்தில் ஒரு காய்ந்த குச்சியை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும், பெரும்பாலும் மறுநாளும் அதே குச்சிக்கு வரும். மாலையில் தும்பைச்செடிப் பக்கம் குச்சியைப் பார்த்து வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.