கைவிரித்த பிறகும் செய்ய வேண்டியவை

மதிப்பிற்குரிய ஐயா,

என் தந்தை வாய்ப்புற்றுநோயால் சென்ற ஆண்டு மறைந்தார். "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று மருத்துவமனையில் கைவிரித்த பிறகு ஏழு வாரம் வலியில் துடித்தார். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் கேட்டதற்கு, போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று மறுத்துவிட்டார்கள். கேரளத்தில் நிலைமை வேறு என்கிறார்கள். அங்கே அப்படி என்ன செய்தார்கள்?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தந்தையின் வலியைப் பெருமளவு தணித்திருக்க முடியும் என்பதை எழுத மனம் வரவில்லை. ஆனாலும் மறைப்பது முறையாகாது. புற்றுநோய் வலிக்கு மருந்தை வலி வந்த பின் கொடுக்காமல் மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே நெறிமுறை வகுத்துவிட்டது. மார்ஃபின் மாத்திரையை நான்கு மணிக்கொரு முறை, மலச்சிக்கலுக்கான மருந்தோடு, அளவறிந்து கொடுத்தால் நோயாளி அதற்கு அடிமையாவது அரிது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதற்குப் பல உரிமங்களையும் கடும் தண்டனைகளையும் விதித்ததால், மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே அஞ்சின. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபினை எழுதிப் பழகாமலே தொழிலுக்கு வந்தார்கள்.

1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து, குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சைக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். படுக்கையில் கிடப்பவர் மருத்துவமனைக்கு வர இயலாது என்பதால் பணி வீடுகளுக்கு நகர்ந்தது. மலப்புறத்தில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்றுத் தொண்டர்களானார்கள். பல மாநிலங்களுக்கு முன்பே கேரளம் உரிம விதிகளை எளிதாக்கியது. 2008-இல் அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டு, வீடு தேடிச் செல்லும் செவிலியர் பணியை உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியது. தலைமை என்று நான் மதிப்பது இந்த முடிவைத்தான், ஏனெனில் நல்ல மருத்துவர் ஒருவர் ஓய்வு பெற்றால் அவரோடு போய்விடக்கூடிய வேலையை அது ஊராட்சியின் அன்றாட வேலையாக மாற்றியது.

அந்தச் செவிலியரின் பையில் பெரிய கருவி எதுவும் இராது. புற்றுப்புண் நாறினால் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்து அதன்மேல் தூவி, சுத்தமான துணியால் மூடுவார். சில நாட்களில் நாற்றம் அடங்கும். அதுவரை வாசலோடு நின்றுவிட்ட பேரக்குழந்தை கட்டிலருகே வந்து உட்காரும். உங்கள் தந்தைக்கு இவ்வளவும் கிடைத்திருக்க வேண்டும்.

2014-இல் மத்திய அரசின் அந்தப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே திருத்தப்பட்டு, மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கி வைக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும் என்றானது. தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சை தருவதும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வருகிறவரிடம் மார்ஃபின் எழுதத் தெரிந்த மருத்துவரின் துணையும் வட்டார அளவில் மருந்து இருப்பும் இல்லையென்றால், அந்த வருகை நலம் விசாரிப்பதோடு நின்றுவிடும். சுகாதாரத் துறையில் பொறுப்பில் இருப்பவர்கள் மாதந்தோறும் கணக்குக் கேட்க வேண்டியது இதைத்தான்.

உங்கள் தெருவில் இப்போது யாரேனும் அப்படிப் படுத்திருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதியச் சொல்லுங்கள். மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

அன்புடன்.