பெல்லந்தூர் ஏரிக்கரையில ஃப்ளாட் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பெங்களூர்ல வீடு வாங்குறதப் பத்தி போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், வந்த மெயில்ல பாதி பெல்லந்தூர் ஏரியப் பத்தியே இருக்கு. அதனால இந்தத் தடவ முழுக்க அதேதான். தங்க நகை லோன் கேள்விங்கள அடுத்த இதழ்ல பார்க்கலாம், கோவிச்சுக்காதீங்க.

பையனுக்கு பெங்களூர்ல ஐ.டி. வேலை. பெல்லந்தூர் ஏரியப் பார்த்த மாதிரி 11-வது மாடியில 3 பி.ஹெச்.கே. ரீசேல்ல வருது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற ஃப்ளாட்ட விட விலை கம்மி. ஏரியெல்லாம் இப்ப க்ளீன் பண்ணிட்டாங்கன்னு புரோக்கர் சொல்றார். நம்பலாமா? (ஒரு அப்பா, கோவை)

புரோக்கர் பொய் சொல்லலைங்க, பாதி சொல்லிருக்கார். 2015-லயும் 2017-லயும் நுரை பொங்கி ரோட்டுக்கே வந்துச்சு, டிவில பார்த்திருப்பீங்க, பஞ்சு மூட்டைய அவுத்துவிட்ட மாதிரி பறந்து வந்து பைக்ல போறவங்க மூஞ்சில ஒட்டும். 2018 ஜனவரில ஏரிக்குள்ள காஞ்சு கிடந்த புல்லு பத்திக்கிச்சு, அணைக்கறதுக்குப் பக்கத்துல இருக்குற ராணுவ சென்டர்லேருந்து ஆயிரக்கணக்குல வீரர்கள் இறங்குனாங்க. அந்த வருஷம் டிசம்பர்ல பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடின்னு அபராதம் போட்ட பிறகுதான் வேலை சூடு பிடிச்சது. சாக்கடைய ஏரிக்குள்ள விடாம ஓரமா வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டு, 2020-லேருந்து சேத்த அள்ளுனாங்க. அதனால அந்தப் பழைய நுரைமலை இப்ப இல்ல, அது வரைக்கும் உண்மை.

ஆனா ஏரி ஏன் கெட்டுச்சுன்னு பார்த்தா க்ளீன் பண்ணிட்டாங்கங்கற வார்த்தைக்கு எவ்வளவு மதிப்புன்னு தெரிஞ்சுடும். பெங்களூர் ஏரிங்க நம்ம ஊர் கண்மாய் மாதிரிதான், ஒண்ணு நிரம்பி வழிஞ்சு அடுத்ததுக்குப் போகும், அப்படித் தண்ணி வழியுற இடத்த நாம கலிங்குன்னு சொல்றோம், அவங்க கோடிம்பாங்க, பெல்லந்தூருக்கு அடுத்த ஏரியான வர்த்தூர் பக்கம் வர்த்தூர் கோடின்னு ஒரு இடமே இருக்கு. இந்த வரிசையில கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்குத் தண்ணி மொத்தமும் வந்து சேர்ற இடம்தான் பெல்லந்தூர், ஏறக்குறைய 900 ஏக்கர், ஊர்லயே பெரிய ஏரி. மழைத் தண்ணிக்காக வெட்டுனது, மழைக்கு நிரம்பி கோடையில இறங்கணும், கரையோரம் சேறு தெரியணும். ஊர் பெருகப் பெருக பன்னண்டு மாசமும் சாக்கடை வந்ததால ஏரி இறங்கவே இல்ல. குளிக்கிற சோப்பு, துணி சோப்பு, பாத்திரம் கழுவுற லிக்விட் எல்லாம் சேர்ந்து உள்ள வந்து, ஆக்சிஜன் இல்லாத தண்ணில சிதையாம அப்படியே தங்கி, கோடியில விழுந்து கலங்குறப்ப நுரையாச்சு. முதல் மழைக்கு இன்னும் ஜாஸ்தி, ஏன்னா அடிச்சேறும் கலங்கி மேல வரும். இப்ப சேறு அள்ளுனது சரி, மேல இருக்குற ஏரியாவுல கடைசி வீட்டு பைப் வரைக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் புதுச் சேறு சேர்ந்துக்கிட்டேதான் இருக்கும்.

நான் 2016-லேருந்து மூணு வருஷம் ஏரிக்குப் பக்கத்துல இருக்குற யமலூர்ல வாடகைக்கு இருந்தேன். ஏசி காயில் ரெண்டு தடவ போச்சு. ரெண்டாவது தடவ வந்த மெக்கானிக் நம்ம தர்மபுரிக்காரர், மூடியக் கழட்டி செம்புக் குழாயக் காட்டுனார், கரி பூசுன மாதிரி இருந்துச்சு, "ஏரியிலேருந்து வர்ற கேஸ் சார், இந்த லைன்ல எல்லா வீட்லயும் இதே கதைதான்"னார். பூஜை ரூம்ல வெள்ளிக் குத்துவிளக்க மாசத்துக்கு ரெண்டு தடவ தேய்ப்போம், அப்பவும் கறுக்கும். சாக்கடை காத்தில்லாம அழுகுறப்ப வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு அது, அழுகுன முட்டை நாத்தம், செம்பு வெள்ளி ரெண்டையும் விடாது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா ஏசி ரிப்பேர் வாடகைக்காரர் பொறுப்புன்னு அக்ரிமெண்ட்டக் காட்டுனார். சரி விடுங்க.

இவ்வளவு நாறியும் அங்க விலை ஏன் விழலன்னு கேட்டா, அந்த ஏரியாவோட விலைய ஏரி தீர்மானிக்கல, அவுட்டர் ரிங் ரோட்டு ஆபீஸுங்க தீர்மானிக்குது. சில்க் போர்டுலேருந்து கே.ஆர்.புரம் வரைக்கும் மெட்ரோ லைன் வேற அந்த வழியா. நடந்து ஆபீஸ் போகலாம்னா ஆளுங்க மூக்கப் பிடிச்சுக்கிட்டும் வாடகை கொடுப்பாங்க. உங்ககிட்ட சொல்ற கம்மி விலை டிஸ்கவுண்ட் இல்லைங்க, நாத்தத்துக்காகக் குறைச்ச விலை, நாளைக்கு நீங்க விக்கும்போதும் வாங்குறவன் அதே மாதிரி குறைக்கச் சொல்வான். பையன அதே காம்ப்ளெக்ஸ்ல ஒரு வருஷம் வாடகைக்கு வைங்க, ஏப்ரல் மாசத்துல காத்தே அசையாத ஒரு விடியக்காலை, செப்டம்பர்ல ஒரு பெருமழை, இது ரெண்டையும் பார்த்துட்டு வாங்கட்டும்.

வாடகைக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்திருக்கோம். கைக்குழந்தை இருக்கு. ஏரித் தண்ணிதான் போர்வெல்ல வருமா? (வாசகி, சேலம்)

ஏரித் தண்ணிய யாரும் உங்களுக்குக் குடிக்கக் குடுக்க மாட்டாங்க, அந்த பயம் வேண்டாம். போர்வெல்தான் கவனிக்கணும். சாக்கடை தேங்குற இடத்துக்குப் பக்கத்துல நிலத்தடி நீர்ல நைட்ரேட் ஏறுறது சகஜம், கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்குற தண்ணில நைட்ரேட் கூடவே கூடாது, காய்ச்சுனா அது போகாது, தண்ணி சுண்டுனா இன்னும் அடர்த்திதான் ஆகும். ஆர்.ஓ. மெஷின் நைட்ரேட்டக் குறைக்கும், அப்பவும் அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி நைட்ரேட்டும், சாக்கடை கலந்திருக்கான்னு காட்டுற கோலிஃபார்ம் கிருமியும் சேர்த்து ஒரு டெஸ்ட் எடுத்துருங்க.

குழாய்ல வர்ற காவிரித் தண்ணித் திட்டத்தோட அஞ்சாம் கட்டம் 2024 அக்டோபர்ல தொடங்குச்சு, மாநகராட்சியில பின்னால சேர்ந்த 110 கிராமங்களுக்காக ஒரு நாளைக்கு 775 மில்லியன் லிட்டர்னு திட்டம். "காவிரி கனெக்‌ஷன் இருக்கா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் இருக்கும்பாங்க. "வாரத்துல எத்தன நாள், மீதி நாள் டேங்கரா"ன்னு கேளுங்க, செக்யூரிட்டிகிட்ட கேட்டா இன்னும் சுத்தமான பதில் வரும். 2024 மார்ச் பஞ்சத்துல மாவட்ட நிர்வாகம் தலையிட்டு 12,000 லிட்டர் டேங்கருக்கு 5 கிலோமீட்டருக்குள்ள 1,000 ரூபாய்னு ரேட் நிர்ணயிக்க வேண்டியதாப் போச்சு, அந்தளவுக்கு ஏத்திட்டாங்க. டேங்கர் காசு மெயின்டனன்ஸ்ல சேருமா தனியான்னும் கேட்டுக்கோங்க.

ஏரிலேருந்து 75 மீட்டர் தள்ளிதான் கட்டணும்னு ஒருத்தர் சொல்றார், 30 போதும்ங்கறார் இன்னொருத்தர். எது சரி? (சென்னை வாசகர்)

ரெண்டு பேரும் பேப்பர் படிச்சவங்கதான். பெங்களூரோட நகரத் திட்டமான மாஸ்டர் பிளான் 2015-ல ஏரிக்கு 30 மீட்டர். 2016 மே மாசம் பசுமைத் தீர்ப்பாயம் அத 75 ஆக்குச்சு, பாதி கட்டுன பில்டிங்கெல்லாம் நடுங்கிப்போச்சு. 2019 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அந்த மாத்தத்த ரத்து பண்ணிடுச்சு. இதுக்கப்புறமும் சட்டத்தத் திருத்துற பேச்சு ஓயல, அதனால ரிஜிஸ்டர் பண்ற தேதிக்கு என்ன விதின்னு வக்கீல்கிட்ட எழுத்துல வாங்குங்க.

ஆனா எல்லாரும் ஏரியவே பார்த்துக்கிட்டு ராஜகாலுவய விட்டுர்றாங்க. ஏரிக்குத் தண்ணி கொண்டு வர்ற பழைய வாய்க்கால் அது, அதுக்கும் பஃபர், அதாவது கட்டாம விட வேண்டிய இடைவெளி உண்டு, அதே மாஸ்டர் பிளான்ல பெரிய வாய்க்காலுக்கு 50 மீட்டர், அடுத்ததுக்கு 25, சின்னதுக்கு 15. 2022 செப்டம்பர்ல யமலூர், பெல்லந்தூர் பக்கம் கோடிக்கணக்குல போட்டு வாங்குன வில்லாவுக்குள்ள தண்ணி பூந்து, கம்பெனி ஆளுங்க டிராக்டர்ல ஏறி வேலைக்குப் போனாங்களே, அது பெரும்பாலும் வாய்க்கால மறிச்சதோட வெனைதான். திஷாங்க்னு கர்நாடக அரசோட ஆப் இருக்கு, சர்வே நம்பரப் போட்டா பழைய கிராம மேப் மேல நிலம் எங்க நிக்குதுன்னு காட்டும். சைட்டுல நின்னுக்கிட்டே பார்க்கலாம், புரோக்கர் முகம் மாறுதான்னும் பார்க்கலாம். ஓ.சி. (குடியேறலாம்ங்கற சான்று) இல்லாத பில்டிங், பி-கத்தா (முழு அங்கீகாரம் இல்லாத சொத்துப் பதிவு) இதெல்லாம் "அப்புறம் சரியாயிரும்"னு சொன்னா சரியானதுக்கப்புறம் வாங்கிக்கலாம்னு எழுந்து வந்துருங்க.

அந்த ஏரி மீன சாப்பிடலாமா? (அசைவப் பிரியர், திருப்பத்தூர்)

வேண்டாம் அண்ணே.

எங்க மனை ஓசூர்ல, கெலவரப்பள்ளி அணைக்கிட்ட. பெங்களூர் ஏரிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சேன், மழை பெய்ஞ்சா அணையில நுரை நுரையா வருது. மனைய வச்சுக்கவா, வித்துரவா? (வாசகர், ஓசூர்)

சம்பந்தம் நேரடியாவே இருக்கு. பெல்லந்தூர் நிரம்பி வர்த்தூர், வர்த்தூர் வழிஞ்சு தட்சிண பினாகினி ஆறு, நம்ம பக்கம் வந்தா அதுக்குப் பேரு தென்பெண்ணை. நந்தி மலையில பிறந்து வர்ற ஆறு, தமிழ்நாட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல் அணை உங்க கெலவரப்பள்ளி. ஷட்டர் திறந்து தண்ணி விழுறப்ப நுரை எழும்புறது வர்த்தூர் கோடில நடந்த அதே விஷயம்தான், சோப்பு இங்க வரைக்கும் பிரயாணம் பண்ணி வந்திருக்கு. வழியில ஃபேக்டரிக் கழிவும் கலக்குதுன்னு விவசாயிங்க ரொம்ப வருஷமா மனு கொடுத்துக்கிட்டிருக்காங்க.

நுரைய வச்சு மட்டும் விக்காதீங்க. ஓசூர் விலை தொழிற்சாலையாலயும் பெங்களூர் பக்கம் இருக்குறதாலயும் ஏறுது, அது நிக்கப்போறதில்ல. மனை ஆத்தங்கரையிலேருந்து எவ்வளவு தூரம், கிணறு போர் எதுவும் வாய்க்கால ஒட்டி இருக்கா, இது ரெண்டுதான் உங்களுக்கு முக்கியம். வீடு கட்டி குடியேறுற எண்ணம் இருந்தா போர் போட்டதும் தண்ணிய டெஸ்டுக்குக் கொடுங்க, ஒரு தடவ கோடையில, ஒரு தடவ அணை திறந்து ரெண்டு வாரம் கழிச்சு. ரெண்டு ரிசல்ட்டும் கைல இருந்தா எனக்கு அனுப்புங்க, அப்ப வித்துரலாமா வேண்டாமான்னு சேர்ந்து பேசுவோம்.