ஜிக்சா புதிர்: ஒட்டி மாட்டுவதா, கலைப்பதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, அவற்றை மறுபடி பொருத்திச் சேர்க்கச் சொல்லும் ஜிக்சா புதிர் ஒன்றை, 1000 துண்டுள்ளதாக மகன் வாங்கித் தந்ததில் தொடங்கிய பழக்கம் இப்போது சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சென்ற மாதம் மலையடிவாரத்து ஏரி ஒன்றின் படத்தைச் சேர்த்து முடித்தேன். அதைப் பசை தடவிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டவேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ அதைக் கலைத்துப் பெட்டியில் போடவே கை போகிறது. “கலைப்பதற்காகவா இத்தனை நாள் முதுகு ஒடிய உட்கார்ந்தீர்கள்?” என்று என் மனைவி கேட்கும்போது பதில் சொல்லத் தெரியவில்லை. நினைவாற்றலுக்கு நல்லது என்று சொல்லிச் சமாளித்து வருகிறேன். அது உண்மைதானா? உங்களுக்கும் இதில் ஈடுபாடு உண்டு என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

கலைத்துவிடுங்கள். உங்கள் கை எங்கே போகிறதோ அதுவே சரி என்பது என் எண்ணம். ஆனால் உங்கள் மனைவி கேட்டிருப்பது நியாயமான கேள்வி என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

நினைவாற்றலைப் பற்றியதை முதலில் முடித்துவிடலாம். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 100 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 30 நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரமேனும் ஜிக்சா புதிர் சேர்க்க வைத்தார்கள். புதிர் சேர்க்கும்போது மூளையின் பல திறன்கள் ஒருங்கே வேலை செய்கின்றன என்பதற்கு அதில் சான்று கிடைத்தது. ஆனால் அந்த 30 நாட்களால், புதிர் சேர்க்காத பிரிவினரைக் காட்டிலும் இவர்களுக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் ஏற்படவில்லை. நெடுங்காலமாகப் புதிர் சேர்த்து வந்தவர்களிடம் அத்திறன்கள் கூடுதலாக இருந்தன என்றாலும், புதிர் திறனை வளர்த்ததா, திறன் உள்ளவர்கள் புதிரை நாடினார்களா என்பதை அதைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆகவே அந்தக் காரணத்தை இனி வீட்டில் சொல்ல வேண்டாம். பிடித்திருக்கிறது என்பதே போதுமான காரணம். எதனால் பிடித்திருக்கிறது என்பதைத்தான் நாம் விளக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் ஏரிப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1000 துண்டு என்று அச்சிட்ட பெட்டியில் 40க்கு 25 என்ற கணக்கில் சரியாக 1000 துண்டுகள் இருக்கலாம். 38க்கு 27 என்று வெட்டியிருந்தால் 1026 இருக்கும். எப்படியிருந்தாலும் ஓரத் துண்டுகள் 126தான். அவற்றைப் பொறுக்கிச் சட்டகம் அமைத்து, வீடு, படகு, மரங்கள் என்று நிறம் தெளிவாக உள்ள பகுதிகளை முடிப்பதுவரை பெரிய சிரமம் இராது. பிறகு வானம் மட்டும் மிஞ்சி நிற்கும். இந்தக் கலையில் உண்மையான தேர்ச்சி தொடங்குவது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் எல்லாம் ஒரே நீலமாகத் தெரியும். காலை வெளிச்சத்தில் ஜன்னலருகே வைத்துப் பார்த்தால், மலை முகட்டை ஒட்டிய நீலத்தில் வெண்மை கலந்திருப்பதும், மேலே போகப் போக அது அடர்வதும், இடது ஓரத்தில் மட்டும் மிக மெல்லிய மஞ்சள் படிந்திருப்பதும் மெல்ல மெல்லப் பிடிபடும். இரவில் குழல் விளக்கின் கீழ் இந்த வேறுபாடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே வானத்தைப் பகலில்தான் சேர்க்க வேண்டும். நிறம் முற்றிலும் கைவிட்ட இடத்தில் வடிவம் துணைக்கு வரும். நாற்புறமும் குமிழ் (அடுத்த துண்டின் பள்ளத்தில் பொருந்த வெளியே நீண்டிருக்கும் முனை) உள்ளவை, மூன்று குமிழ், எதிரெதிரே இரண்டு, அடுத்தடுத்து இரண்டு, ஒரே குமிழ், குமிழே இல்லாதவை என்று வழக்கமான வெட்டில் ஆறே வகைதான் உண்டு. வகை பிரித்து வரிசையாக அடுக்கிவிட்டால், தேவையான துண்டைத் தேடும் இடம் வெகுவாகக் குறைந்துவிடும். பொருந்தியதுபோல் ஏமாற்றும் துண்டுகளும் உண்டு. ஐயம் வந்தால் இரு துண்டுகளையும் சேர்த்தபடியே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால், அச்சின் வண்ணம் மறைத்திருந்த இடைவெளி அங்கே தெரிந்துவிடும்.

இப்படி ஒரு வானத்தை நாட்கணக்கில், விரலகலம் விரலகலமாகப் பார்த்தவர் நீங்கள். சுவரில் மாட்டிய பின் அதே வானத்தைக் கடந்து செல்பவர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்விடுவார், சில நாட்களில் நீங்களும் அப்படித்தான் கடந்து போவீர்கள். படமே வேண்டும் என்றால், குறுக்கும் நெடுக்கும் வெட்டுக் கோடுகள் இல்லாத நல்ல அச்சுப் படம் கடையில் கிடைக்கும். புதிர் நமக்குத் தருவது அந்தப் பார்க்கும் நாட்களை. துண்டுகளை ஒட்டிவிட்டால் அந்த நாட்களை இனி யாருக்கும், உங்களுக்குமே, அது தர இயலாது. நவராத்திரி முடிந்ததும் கொலுப் பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறோம். பாடுபட்டு அடுக்கினோமே என்று அவற்றைப் படியோடு ஒட்டிவைப்பவர் யாரும் இல்லை என்பதை உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள்.

இந்தப் பொருளின் வரலாறும் கலைப்பவர் பக்கமே நிற்கிறது. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், வரைபடங்களை மெல்லிய பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து விற்றார். பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கலைத்துச் சேர்த்துப் புவியியல் கற்கவேண்டும் என்பதற்காக எழுந்த பொருள் அது. அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, கையால் அறுத்த மரப்புதிரின் இடத்தை உலோக அச்சால் அழுத்தி வெட்டிய மலிவான அட்டைப்புதிர் பிடித்துக்கொண்டது. 1933இன் தொடக்கத்தில் அங்கே வாரத்துக்கு ஒரு கோடிப் புதிர்கள் விற்றதாகக் கணக்குச் சொல்கிறார்கள். வேலை இழந்தவர்களும் வெளியே போய்ச் செலவழிக்க வழியற்றவர்களும் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சேர்த்தார்கள். விலைக்கு வாங்க முடியாதவர்களுக்கு மருந்துக் கடைகளும் வாடகை நூலகங்களும் புதிரைச் சிறு வாடகைக்குக் கொடுத்தன. அதே 1933இல் தொடங்கிய பிரிட்டனின் ஜிக்சா புதிர் நூலகம் மரப்புதிர்களை உறுப்பினர்களிடையே சுற்றுக்கு விட்டது. பெட்டியின் மேல் படமே இராது. ஒரே புதிர் பல வீடுகளில் சேர்ந்து, கலைந்து, அடுத்த வீட்டுக்குப் போனதை நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. ஸ்பெயினின் வயாதோலித் நகரில் 2019இல் தொடங்கிய உலகப் போட்டியில் 500 துண்டுகளை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களின் திறனை வியக்கிறேன் என்றாலும், என் மனம் அந்த இரவல் பெட்டிகளின் பக்கமே சாய்கிறது. நம் ஊர்களில் நல்ல புதிர்கள் விலை அதிகம், கிடைப்பதும் அரிது. ஆகவே இங்கே அவை கைமாறிக்கொண்டே இருப்பது இன்னும் அவசியம்.

கலைக்கும்போது அவசரப்படாதீர்கள். மழை நாட்களில் அட்டை ஈரத்தை இழுத்துக்கொண்டு துண்டுகள் இறுகிவிடும். அப்போது பிடித்து இழுத்தால் குமிழின் மேல்தாள் உரிந்துவிடும். வெயில் உள்ள நாளில், முதலில் பெரிய பாளங்களாகப் பிரித்து, பிறகு ஒவ்வொரு பாளத்தையும் மெல்ல மடித்து உதிர்த்துவிடுங்கள். ஜிப் வைத்த கனமான உறையில் போட்டு அதன் பின் பெட்டியில் வைத்தால் ராமபாணப் பூச்சியிடமிருந்து தப்பும். ஓரத் துண்டுகளைத் தனி உறையில் போட்டு வைக்காதீர்கள். அவற்றைப் பொறுக்கும் முதல் மாலை, அடுத்துச் சேர்க்கப்போகிறவருக்கு உரியது. மூடியின் உட்புறத்தில் பென்சிலால் முடித்த தேதியையும், துண்டு ஏதேனும் குறைந்தால் அது படத்தில் எந்த இடம் என்பதையும் குறித்துவிட்டு நண்பர் ஒருவருக்குக் கொடுங்கள். பெட்டி திரும்பி வந்ததும், இம்முறை மூடியைப் பார்க்காமல், உங்கள் மனைவியையும் உடன் அமர்த்திக்கொண்டு அதே ஏரியை மறுபடி சேர்த்துப் பாருங்கள். வானத்தின் பாதியை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அன்புடன்.